ஃப்ளிக்கர் ஏபிஐ: புதுச்சேரின்னு தேடினா ரெண்டே ரெண்டு படம்தான் வருது, எங்கே தப்பு?

பெரியவாய்க்கால்:

வணக்கம். புதுச்சேரியின் பழைய வீடுகளைத் தெருவாரியாகக் காட்டும் ஒரு பக்கம் செய்துகொண்டிருக்கிறேன். வைசியாள் வீதி, ஈசுவரன் கோயில் வீதி, துய்மா வீதி, கடற்கரைச் சாலை என்று வரைபடத்தில் தெருவைத் தொட்டால் அங்கே எடுத்த படங்கள் வரிசையாக வர வேண்டும். படங்களை ஃப்ளிக்கர் என்ற படப்பகிர்வுத் தளத்திலிருந்து ஏபிஐ (நிரல்கள் தளத்திடம் தரவு கேட்டு வாங்கும் வாயில்) வழியாக எடுக்கலாம் என்று திட்டம். பைத்தான் ஓரளவு வரும். ஏபிஐ இதுதான் முதல்.

ஃப்ளிக்கர் தரும் கீ (என் செயலியின் அடையாளக் குறியீடு), சீக்ரெட் (அதன் ரகசியக் குறியீடு) இரண்டும் வாங்கியாகிவிட்டது. சிக்கல்கள் இவை:

புதுச்சேரியைச் சுற்றி ஒரு செவ்வகம் கொடுத்துத் தேடினால் காலையில் 2 படம் வந்தது. மாலையில் அதே தேடலுக்கு 5 படம், அதுவும் வேறு படங்கள். ஆயிரக்கணக்கில் இருக்கும் என்று தெரியும், ஏன் வருவதில்லை?

அதற்கு முந்தைய முயற்சியில் பனிமலையும் கப்பலுமாக வந்தது. அது எந்த ஊர் என்றே புரியவில்லை.

பதிலை ஜேசனாக (பெயரும் மதிப்புமாகத் தரவை எழுதும் வடிவம்) படிக்கச் சொன்னால் பைத்தான் முதல் எழுத்திலேயே பிழை காட்டுகிறது.

பிறகு, எங்கள் படக்குழுவினர் எடுத்த படங்களையும் இதே நிரல் வழியாக ஏற்ற வேண்டும். அதற்கும் இதே கீ போதுமா?

சங்கராபரணி:

முதல்ல எளிதான மூணாவது கேள்வி. ஜேசன் கேட்டால் ஃப்ளிக்கர் அதை ஒரு ஃபங்ஷன் பெயருக்குள்ள பொதிந்து அனுப்பும். பிரவுசர்ல ஸ்கிரிப்ட் டேக் போட்டு இழுத்த காலத்துப் பழக்கம், இன்னும் மாத்தல. கோரிக்கையில் 'நோஜேசன்கால்பேக்' என்ற அளவுருவுக்கு (கோரிக்கையோட பெயரும் மதிப்புமா அனுப்பும் விவரம்) 1 கொடுங்க. உறை போய் வெறும் ஜேசன் வரும். 'ஃபார்மட்' அளவுருவுக்கு ஜேசன்னு கொடுக்கலைன்னா எக்ஸ்எம்எல்ங்கிற வேற வடிவம்தான் வரும், அதையும் பார்த்துக்கோங்க.

(பெயர்களை எல்லாம் ஒலிப்படி தமிழில் எழுதுறேன். கோடில் அடிக்கும்போது ஆங்கிலச் சின்ன எழுத்து, மெத்தட் பெயர்களில் கெட்இன்ஃபோவின் 'ஐ', செட்டேக்ஸின் 'டி' மட்டும் பெரிசு. நான் புள்ளி வச்ச இடத்தில் புள்ளி, கீழ்க்கோடு வச்ச இடத்தில் அண்டர்ஸ்கோர்.)

தேடலுக்குப் போகும் முன்னாடி 'ஃப்ளிக்கர்.டெஸ்ட்.எக்கோ' மெத்தடை (ஏபிஐக்குக் கொடுக்கும் ஒரு கட்டளை) ஒரு தடவை கூப்பிடுங்க. நீங்க அனுப்பினதை அப்படியே திருப்பித் தரும். முகவரி எல்லா மெத்தடுக்கும் ஒண்ணுதான்: ஏபிஐ.ஃப்ளிக்கர்.காம்/சர்வீசஸ்/ரெஸ்ட்/. முன்னாடி எச்டிடிபிஎஸ் கட்டாயம். 2014 ஜூன் முதல் 'எஸ்' இல்லாத முகவரியை ஏத்துக்கறதில்ல, பழைய பாடங்களைப் பார்த்து அப்படியே அடிக்கிறவங்க மாட்டிக்கிற இடம் இது. எந்த மெத்தட் வேணும்ங்கிறது 'மெத்தட்' என்ற அளவுருவில் போகும். கூடவே 'ஏபிஐ_கீ'. பொதுப்படங்களைத் தேட இவ்வளவு போதும், சீக்ரெட் தேவையே இல்ல.

எக்கோவில் நீங்க அனுப்பின பெயரும் மதிப்பும் சரியா திரும்பி வந்தா வலைத்தொடர்பு, கீ, எழுத்துக்குறியாக்கம் மூணும் சரி. இதை விட்டுட்டு நேரா தேடலுக்குப் போனா தப்பு எந்தப் பக்கம்னு தெரியாம அல்லாடணும்.

இன்னொண்ணு. தப்பு நடந்தாலும் எச்டிடிபி நிலை எண் 200 தான் (வெற்றின்னு பொருள்) வரும். அதை மட்டும் பார்த்து 'சரி'ன்னு நினைச்சா போச்சு. பதிலுக்குள்ள 'ஸ்டாட்'னு ஒண்ணு இருக்கும். அது 'ஓகே'வா 'ஃபெயில்'லான்னு பாருங்க. ஃபெயில்னா எண்ணும் செய்தியும் கூடவே வரும். 100 வந்தா கீ தப்பு, பெரும்பாலும் காப்பி பண்ணும்போது ஒட்டிக்கிட்ட இடைவெளி. 112 வந்தா மெத்தட் பெயரில் எழுத்துப்பிழை. 105 வந்தா அவங்க பக்கம் தற்காலிகக் கோளாறு, கொஞ்சம் விட்டு மறுபடி கேளுங்க. 96, 98, 99 மூணும் கையொப்பம், டோக்கன், அனுமதி சம்பந்தப்பட்டவை. படம் ஏத்தும்போது சந்திப்பீங்க.

ஃப்ளிக்கர் தளத்திலேயே ஒவ்வொரு மெத்தடுக்கும் 'ஏபிஐ எக்ஸ்ப்ளோரர்' பக்கம் இருக்கு. அளவுருக்களை நிரப்பி அழுத்தினா பதிலும், அதுக்கான முழு முகவரியும் கீழே காட்டும். கோடு எழுதும் முன்னாடி அரை மணி நேரம் அங்கே விளையாடுங்க.

கெடிலக்கரை:

முதல் இரண்டு கேள்விகளுக்கு என் பதில்.

பனிமலை: செவ்வகத்தைச் சொல்லும் 'பிபாக்ஸ்' அளவுருவில் தீர்க்கரேகை முன்னால், அட்சரேகை பின்னால் வர வேண்டும். வரிசை: மேற்கு எல்லை, தெற்கு எல்லை, கிழக்கு எல்லை, வடக்கு எல்லை. நாம் வழக்கமாகச் சொல்வது போல 11.9, 79.8 என்று அட்சரேகையை முதலில் எழுதினால், 79.8 பாகை வடக்கு, 11.9 பாகை கிழக்கு என்று எடுத்துக்கொள்ளும். அது நார்வேக்கு வடக்கே ஆர்க்டிக் கடலில் உள்ள ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தின் வடமேற்கு மூலை. உங்களுக்கு வந்த பனியும் கப்பலும் அங்கத்தியவை. பிழைச் செய்தி எதுவும் வராது, ஏனென்றால் அதுவும் உலகில் உள்ள ஓர் இடம்தான்.

புதுச்சேரி நகருக்கு 79.78, 11.88, 79.86, 11.97 என்று கொடுங்கள். தெற்கே 11.90 வரை மட்டும் வைத்தால் அரிக்கமேடு எல்லைக்கோட்டிலேயே விழும், பாதிப் படங்கள் தவறிப்போகும். அதனால் 11.88. வடக்கே 11.97-இல் நிறுத்தியதற்குக் காரணம் ஆரோவில். மாத்ரிமந்திர் சுமார் 12.01-இல் இருக்கிறது. 12.02 வரை நீட்டினால் உங்கள் பழைய வீடுகளுக்கு நடுவே தங்க உருண்டை எட்டிப்பார்க்கும்.

இரண்டே படம்: இதுதான் புதியவர்களை அதிகம் குழப்பும் இடம். செவ்வகத்தை மட்டும் கொடுத்து வேறு எந்தக் கட்டுப்பாடும் சொல்லவில்லை என்றால், ஃப்ளிக்கர் கடைசி 12 மணி நேரத்தில் ஏற்றிய படங்களை மட்டுமே பார்க்கும். உலகம் முழுவதையும் செவ்வகமாகக் கொடுத்து யாரும் அவர்கள் தரவுத்தளத்தை மூச்சுத்திணற வைக்கக் கூடாது என்பதற்காக. காலையில் ஒன்று, மாலையில் வேறொன்று வந்தது அதனால்தான். கூடவே டேக் (படத்துக்கு வைத்த குறிச்சொல்), பயனர், எடுத்த தேதி, ஏற்றிய தேதி ஆகியவற்றில் ஒன்றைச் சேருங்கள். 'மின்_அப்லோட்_டேட்' அளவுருவுக்கு 2004 ஜனவரி 1-இன் யூனிக்ஸ் நேரத்தை (1970 தொடக்கத்திலிருந்து எண்ணிய நொடிகள்) கொடுத்தாலே போதும். ஃப்ளிக்கர் தொடங்கியது 2004-இல் என்பதால் அதற்கு முன் ஏற்றிய படம் இருக்க முடியாது. கட்டுப்பாடு போட்டது போலவும் ஆயிற்று, எதையும் இழக்காதது போலவும் ஆயிற்று.

'ஆக்குரசி' (இடக்குறிப்பின் துல்லியம்) என்ற அளவுருவையும் கவனியுங்கள். 1 என்றால் உலக அளவு, 3 நாடு, 6 மாநிலம், 11 நகரம், 16 தெரு. சொல்லாவிட்டால் அதிகபட்சமான 16-ஐ எடுத்துக்கொள்ளும் என்று ஆவணம் சொல்கிறது. 11 என்று கொடுத்தால் 'புதுச்சேரி' என்று பொத்தாம்பொதுவாகக் குறித்தவர்களின் படங்களும் கிடைக்கும். ஆனால் அவை எல்லாம் வரைபடத்தில் ஒரே புள்ளியில் குவியும். உங்களுக்குத் தெருவாரியாக வேண்டும். ஆகவே 'எக்ஸ்ட்ராஸ்' அளவுருவில் 'ஜியோ' கேளுங்கள். ஒவ்வொரு படத்தோடும் அதன் துல்லிய எண்ணும் வரும். 16 இல்லாதவற்றை ஊர்ப் பொதுப்பட்டியலில் போடுங்கள், தெருவில் போடாதீர்கள். 16 என்று வந்தாலும், ஒடுக்கமான வீதியில் கைபேசி ஜிபிஎஸ் பக்கத்து வீதியைக் காட்டுவது சாதாரணம். பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கா மேற்கா என்பது வரை நம்பலாம். எந்த வீதி என்பதை ஒருவர் கண்ணால் பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டும்.

இனி அளவு. சாதாரணத் தேடலில் 'பெர்_பேஜ்' (ஒரு பக்கத்துக்கு எத்தனை படம்) 100, கேட்டால் 500 வரை. செவ்வகத் தேடலில் ஒரு பக்கத்துக்கு 250-க்கு மேல் வராது, 500 கேட்டாலும். பக்க எண்ணைக் கூட்டிக்கொண்டே போகலாம், ஆனால் எந்தத் தேடலுக்கும் முதல் 4000 முடிவுகளோடு சரி. அதற்கு மேல் பக்கம் கேட்டால் பிழை வராது, கொடுத்த படங்களையே திரும்பத் திரும்பக் கொடுக்கும். 'டோட்டல்' 9000 என்று இருக்கும், நீங்களும் 9000 வரிகள் சேமித்திருப்பீர்கள், எண்ணிப் பார்த்தால் வெவ்வேறு படம் 4000 தான்.

வழி: ஏற்றிய தேதியால் துண்டு போடுங்கள். ஓர் ஆண்டைக் கேட்டு 'டோட்டல்' பாருங்கள். 4000-க்குள் இருந்தால் அப்படியே எடுங்கள், மேலே போனால் அந்த ஆண்டை இரண்டாக வெட்டுங்கள், இன்னும் மேலே என்றால் மறுபடி இரண்டாக. வரிசை 'டேட்-போஸ்டட்-ஏஎஸ்சி' என்று பழையது முதலாக இருக்கட்டும். புதியது முதலாக வைத்தால், நீங்கள் 3-ஆம் பக்கம் எடுக்கும் நேரத்தில் யாரேனும் படம் ஏற்ற, எல்லாம் ஓரிடம் தள்ளிப்போய் ஒரு படம் இருமுறை வரும். எப்படியும் படத்தின் ஐடியை வைத்து இரட்டிப்பை நீக்குங்கள். ஐடியைச் சரமாகவே சேமிக்கவும். 32 பிட் எண்ணில் அடங்காது.

வேகம்: ஒரு கீக்கு மணிக்கு 3600 கோரிக்கை வரை. கணக்குப் போட்டால் நொடிக்கு ஒன்று. ஒவ்வொரு கோரிக்கைக்கும் பின் ஒரு நொடி தூங்க வையுங்கள், பிரச்சினையே இல்லை.

பெரியவாய்க்கால்:

மிக்க நன்றி. ஏற்றிய தேதியைச் சேர்த்ததும் கொட்டுகிறது. நோஜேசன்கால்பேக்கும் சரியாகிவிட்டது.

ஆனால் இடக்குறிப்பே இல்லாத படங்கள்தான் அதிகம் போலிருக்கிறது. அவற்றை டேக் வைத்துத் தேடலாமா? 'புதுச்சேரி' என்று ஆங்கிலத்தில் தேடினால் எதிர்பார்த்ததைவிடக் குறைவு.

சங்கராபரணி:

ஊர்ப்பெயர் 2006-ல்தானே அதிகாரபூர்வமா புதுச்சேரி ஆச்சு. அதுக்கு முன்னாடி ஏத்தினவங்க பாண்டிச்சேரின்னுதான் போட்டிருப்பாங்க, அதுக்கப்புறமும் பாதிப்பேர் அப்படித்தான். பிரெஞ்சுக்காரங்க அவங்க எழுத்துமுறையில், அதுவும் 'இ'க்கு மேல கோடு வச்சும் வைக்காமலும். பசங்க 'பாண்டி'. அப்புறம் தமிழில் புதுச்சேரி, பாண்டிச்சேரி, புதுவை. எல்லாத்தையும் காற்புள்ளி போட்டு 'டேக்ஸ்' அளவுருவில் கொடுத்து 'டேக்_மோட்' 'எனி'ன்னு வையுங்க. ஒரு தேடலுக்கு 20 டேக் வரை போகலாம். 'ஆல்'னு வச்சா எல்லா டேக்கும் இருக்கிற படம்தான் வரும், அதாவது ஒண்ணும் வராது.

தப்பா வர்றதும் நிறைய இருக்கும். புதுச்சேரின்னா மாஹே, ஏனாம், காரைக்காலும் சேர்த்திதான். கேரளக் கரையில் இருக்கிற மாஹே படத்துக்கும் இதே டேக் இருக்கும். எக்ஸ்ட்ராஸில் 'டேக்ஸ்' கேட்டு வாங்கி, உங்க கோடிலேயே வடிகட்டுங்க. தேடலுக்குள்ளயே கழித்தல் குறி போட்டு விலக்கலாம்தான். ஆனா எதை விலக்கினோம்னு பிறகு பார்க்க முடியாது. முதல்ல வாங்கி வச்சுட்டு அப்புறம் சலிக்கிறதுதான் நல்லது.

'மீடியா' அளவுருவுக்கு போட்டோஸ்னு கொடுங்க, வீடியோ வராது.

கெடிலக்கரை:

ஒரு சேர்க்கை. டேக் தேடலையும் செவ்வகத் தேடலையும் ஒன்றாகக் கொடுக்காதீர்கள். கொடுத்தால் இரண்டும் பொருந்துவதுதான் வரும். தனித்தனியாக ஓட்டி, ஐடியை வைத்து ஒன்றாக்குங்கள்.

கடலூருக்கும் இப்படிச் செய்ய யாரேனும் நினைத்தால்: 'கடலூர்' டேக்கில் மாவட்டம் முழுவதும் வரும், பிச்சாவரமும் சிதம்பரமும் நகரப் படங்களை மூழ்கடித்துவிடும். 'சில்வர் பீச்' டேக் இன்னும் மோசம், அந்தப் பெயரில் உலகெங்கும் கடற்கரைகள் உண்டு. அங்கே செவ்வகமே நம்பகமானது: 79.72, 11.68, 79.80, 11.79. துறைமுகம், தேவனாம்பட்டினம் எல்லாம் அதற்குள் அடங்கும். வடக்கே இன்னும் நீட்டினால் பாகூர்ப் பக்கம் புதுச்சேரி எல்லைக்குள் போய்விடுவீர்கள்.

லாசுப்பேட்டை:

இவ்வளவு சிரமம் ஏன்? இன்ஸ்டாகிராமிலோ கூகுள் போட்டோஸிலோ எடுக்கலாமே, புதுப்படங்கள் அங்கேதான் இருக்கு.

முத்தியால்பேட்டை:

இன்ஸ்டாகிராமின் 'பேசிக் டிஸ்ப்ளே ஏபிஐ' 2024 டிசம்பர் 4-ஆம் தேதியோடு மூடப்பட்டது. இப்போது இருப்பது தொழில்முறைக் கணக்கு வைத்திருப்பவர் தன் கணக்கை நிர்வகிக்க. ஊரார் படங்களை இடம் சொல்லித் தேட அதில் வழியில்லை. கூகுள் போட்டோஸ் ஏபிஐ 2025 மார்ச் 31-க்குப் பிறகு, அந்தச் செயலியே ஏற்றிய படங்களைத்தான் அதற்குக் காட்டும். ஆக, இடத்தையும் உரிமத்தையும் சொல்லிப் பிறர் படங்களைத் தேடும் வேலைக்கு அவை உதவாது.

மாற்று வேண்டுமென்றால் விக்கிமீடியா காமன்ஸ் (விக்கிப்பீடியா பயன்படுத்தும் படக்கிடங்கு). கீ வேண்டாம். 'ஜியோசர்ச்' என்ற பட்டியல் வகைக்கு ஒரு புள்ளியும் ஆரமும் கொடுக்க வேண்டும், ஆரம் அதிகபட்சம் 10,000 மீட்டர், ஒரு தடவைக்கு 500 முடிவு. பெயர்வெளி எண் 6 (கோப்புகளுக்கான பகுதி) என்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் படங்கள் வராது. இங்கே வரிசை தலைகீழ்: அட்சரேகை முன்னால், நடுவில் நிமிர்ந்த கோடு, பிறகு தீர்க்கரேகை. ஃப்ளிக்கருக்கு எழுதிய கோடை அப்படியே கொண்டுவந்தால் மறுபடி ஸ்வால்பார்ட்தான். 'யூசர்-ஏஜென்ட்' தலைப்பில் உங்கள் செயலியின் பெயரும் தொடர்பு முகவரியும் இருக்க வேண்டும் என்பது அவர்கள் விதி. பைத்தானின் இயல்புத் தலைப்போடு போனால் மறுக்கப்படலாம்.

இப்போது இதுவரை யாரும் தொடாத விஷயத்துக்கு வருகிறேன். ஏபிஐ படத்தைக் கொடுக்கிறது என்பதற்காக அதை உங்கள் பக்கத்தில் போடும் உரிமை வந்துவிடாது. ஒவ்வொரு படத்துக்கும் உரிம எண் உண்டு, எக்ஸ்ட்ராஸில் 'லைசென்ஸ்' கேளுங்கள். 0 என்றால் எல்லா உரிமையும் எடுத்தவருக்கே. எழுதிக் கேட்டு அனுமதி வாங்காமல் தொடாதீர்கள். 4 என்றால் பெயர் சொன்னால் போதும். 5 என்றால் பெயரும் சொல்லி, மாற்றம் செய்தால் அதே உரிமத்திலேயே விட வேண்டும். 1, 2, 3 மூன்றும் வணிகமற்ற பயன்பாட்டுக்கு மட்டும். உங்கள் பக்கத்தில் விளம்பரமோ தங்கும் விடுதி முன்பதிவு இணைப்போ வைக்கும் எண்ணம் இருந்தால் அவற்றையும் ஒதுக்குங்கள். 7 பழைய ஆவணக் காப்பகப் படங்களுக்கானது, பதிப்புரிமைக் கட்டுப்பாடு எதுவும் தெரியவரவில்லை என்று அந்த நிறுவனங்கள் அறிவித்தவை. 9 சிசி ஜீரோ, அதாவது எடுத்தவரே உரிமைகளை விட்டுக்கொடுத்தது. 10 பதிப்புரிமை இல்லாதது என்று குறித்தது.

இந்த எண்களைக் கோடில் நிரந்தரமாக எழுதிவைக்காதீர்கள். 'ஃப்ளிக்கர்.போட்டோஸ்.லைசென்சஸ்.கெட்இன்ஃபோ' என்று ஒரு மெத்தட் இருக்கிறது, எண், பெயர், உரிமப் பக்கத்தின் முகவரி மூன்றையும் கொடுக்கும். புதிய உரிமம் சேர்ந்தால் அதில் தெரியும்.

ஏபிஐ நிபந்தனைகளில் இவற்றை விடாதீர்கள்: படம் காட்டும் இடத்தில் அதன் ஃப்ளிக்கர் பக்கத்துக்கு இணைப்பு இருக்க வேண்டும். ஒரு பக்கத்தில் 30 படத்துக்கு மேல் காட்டக் கூடாது. ஃப்ளிக்கர் ஏபிஐயைப் பயன்படுத்துகிறது, ஆனால் ஸ்மக்மக் நிறுவனத்தின் ஒப்புதலோ சான்றோ பெற்றதல்ல என்ற வாசகம் பார்வையில் படும்படி வேண்டும் (2018 முதல் ஃப்ளிக்கர் அவர்களுடையது). படத்தின் சொந்தக்காரர் நீக்கச் சொன்னால் 24 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும். கீ விண்ணப்பிக்கும்போது வணிகம், வணிகமற்றது என்று கேட்டிருப்பார்களே, அதில் எதைத் தேர்ந்தீர்கள் என்பதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

வைசியாள் வீதியில் யாரோ குடியிருக்கும் வீட்டின் முற்றம் வரை படமெடுத்துப் போட்டிருப்பார்கள். உரிமம் 4 ஆக இருக்கும், அதனால் வீட்டுக்காரருக்குச் சம்மதம் என்று பொருளில்லை. வாசல், திண்ணையோடு நிற்பது நல்லது என்பது என் கருத்து.

பெரியவாய்க்கால்:

விளம்பரம் எதுவும் இல்லை, வணிகமற்ற கீதான். உரிமத்தை இதுவரை யோசிக்கவில்லை, சேர்த்துவிடுகிறேன்.

படத்தின் முகவரியை எப்படி அமைப்பது? தேடல் முடிவில் சர்வர், சீக்ரெட் என்று எண்கள் மட்டும்தான் வருகின்றன. இந்த சீக்ரெட் என் கீயோடு வந்த சீக்ரெட்டா?

சங்கராபரணி:

இல்ல. இது அந்தப் படத்துக்கான சீக்ரெட், வெளியில் தெரியலாம். கீயோடு வந்ததுதான் யார்கிட்டயும் காட்டக் கூடாதது. கிட்ஹப் மாதிரி கோடைப் பகிரும் தளத்தில் தவறிக்கூட ஏத்திடாதீங்க.

முகவரி இப்படி: லைவ்.ஸ்டாட்டிக்ஃப்ளிக்கர்.காம், சாய்கோடு, சர்வர் எண், சாய்கோடு, படத்தின் ஐடி, கீழ்க்கோடு, சீக்ரெட், கீழ்க்கோடு, அளவெழுத்து, புள்ளி ஜேபிஜி. அளவெழுத்து 'க்யூ'ன்னா 150 பிக்சல் சதுரம், 'எம்' 240, 'என்' 320, 'இசட்' 640, 'சி' 800, 'பி' 1024. இவை நீளமான பக்கத்தின் அளவு. எழுத்தே போடலைன்னா 500. 1600, 2048, மூலப்படம் இதுக்கெல்லாம் தனி சீக்ரெட், அதனால் இந்த முறையில் அமைச்சா கிடைக்காது.

அமைக்கிறதைவிட எக்ஸ்ட்ராஸில் 'யுஆர்எல்_இசட்', 'யுஆர்எல்_எல்'னு கேட்டு வாங்குறது மேல். அகல உயரமும் கூடவே வரும், பக்கம் ஏறும்போது குதிக்காது. ஆனா சின்னப் படமா இருந்து அந்த அளவே இல்லைன்னா, அந்தச் சொல்லே ஜேசனில் இருக்காது. நேரா எடுத்தா 'கீஎரர்' வந்து இரவு ஓட்டம் நடுவில் நின்னுடும். 'கெட்' போட்டு எடுங்க, இல்லைன்னா அடுத்த சின்ன அளவுக்குப் போங்க.

முகவரியை நிரந்தரம்னு நம்ப வேண்டாம். படத்தை மாத்தினாலோ தனிப்பட்டதா ஆக்கினாலோ பழைய முகவரி செத்துப்போகும். ஐடியைச் சேமிச்சு, வாரம் ஒரு தடவை மறுபடி கேட்டு முகவரியையும் உரிமத்தையும் புதுப்பிச்சுக்கோங்க. உரிமமும் மாறும்.

கெடிலக்கரை:

ஏற்றுவது பற்றி. கீ அதேதான், ஆனால் இப்போது சீக்ரெட்டும் வேண்டும், படக்குழுக் கணக்கின் அனுமதியும் வேண்டும். ஃப்ளிக்கர் பயன்படுத்துவது ஓஆத் 1.0ஏ என்ற அனுமதி முறை. மற்ற இடங்களில் பழகிய ஓஆத் 2 அல்ல, ஒவ்வொரு கோரிக்கையும் கையொப்பத்தோடு (சீக்ரெட்டை வைத்துக் கணக்கிடும் சரிபார்ப்புச் சரம்) போக வேண்டும்.

மூன்று படி. முதலில் 'ரிக்வெஸ்ட் டோக்கன்' (தற்காலிக அனுமதிச் சீட்டு) வாங்குவது. பிறகு பயனரை அனுமதிப் பக்கத்துக்கு அனுப்புவது, 'பெர்ம்ஸ்' அளவுருவில் 'ரைட்' என்று கேட்டு. 'ரீட்' போதாது, 'டெலீட்' கேட்காதீர்கள், தேவையில்லாத அதிகாரம். திரும்பி வரும் சரிபார்ப்புக் குறியீட்டைக் கொடுத்து 'அக்சஸ் டோக்கன்' வாங்குவது மூன்றாவது. இந்த டோக்கன் பயனராக ரத்து செய்யும் வரை வேலை செய்யும், ஆகவே ஒருமுறை செய்தால் போதும்.

கையொப்பம் தவறுவதற்கு வழக்கமான காரணங்கள்: முதல் படியில் டோக்கன் சீக்ரெட் இன்னும் இல்லை, ஆனாலும் கையொப்பச் சாவியில் உங்கள் சீக்ரெட்டுக்குப் பின் 'அண்ட்' குறி கட்டாயம் இருக்க வேண்டும். இடைவெளியைக் கூட்டல் குறியாக மாற்றக் கூடாது, சதவீதக் குறியோடு 20 என்றே மாற்ற வேண்டும். அளவுருக்களை அகரவரிசைப்படுத்திய பின்பே சேர்க்க வேண்டும். நேர முத்திரை யூடிசி (உலகப் பொது நேரம்) கணக்கில் இருக்க வேண்டும். இந்திய நேரத்துக்காக 19,800 நொடியைக் கூட்டி அனுப்பினால் நேர முத்திரை மறுக்கப்பட்டது என்று பதில் வரும்.

ஏற்றும் முகவரியும் வேறு: அப்.ஃப்ளிக்கர்.காம்/சர்வீசஸ்/அப்லோட்/. இங்கே ஒரு சூட்சுமம். தலைப்பு, விளக்கம், டேக் எல்லாம் கையொப்பக் கணக்கில் சேர வேண்டும், படக்கோப்பு மட்டும் சேரக் கூடாது. பொதுவான ஓஆத் நூலகங்கள் கோப்போடு போகும் கோரிக்கையில் எந்தப் புலத்தையும் கையொப்பத்தில் சேர்ப்பதில்லை. அதனால் தலைப்பு இல்லாமல் ஏற்றினால் வேலை செய்யும், தலைப்பு வைத்ததும் கையொப்பம் தவறு என்று வரும். மணிக்கணக்கில் தேடினாலும் பிடிபடாத பிழை. பைத்தானில் 'ஃப்ளிக்கர்ஏபிஐ' நூலகம் இதைச் சரியாகக் கையாள்கிறது, அதையே எடுங்கள். முதல் அனுமதிக்குப் பிரவுசர் திறக்கும். சர்வரில் பிரவுசர் இருக்காது என்பதால் மடிக்கணினியில் அனுமதி வாங்கி, அது சேமித்த டோக்கன் கோப்பைச் சர்வருக்கு நகலெடுங்கள்.

ஏற்றத்தின் பதில் எப்போதும் எக்ஸ்எம்எல், ஜேசன் கேட்டாலும். டேக்குகளை இங்கே இடைவெளியால் பிரிக்க வேண்டும், தேடலில் போலக் காற்புள்ளியால் அல்ல. இரண்டு சொல் டேக்குக்கு இரட்டை மேற்கோள் போடுங்கள், இல்லாவிட்டால் 'வைசியாள்' ஒரு டேக், 'வீதி' ஒரு டேக். ஒரு படம் 200 எம்பி வரை. இலவசக் கணக்கில் மொத்தமே 1000 படம், படக்குழுவுக்கு அது ஒரு வருடத்துக்குக் கூடத் தாங்காது. முதல் சோதனைகளை 'இஸ்_பப்ளிக்' 0 என்று வைத்து ஓட்டுங்கள்.

பெரியவாய்க்கால்:

ஃப்ளிக்கர்ஏபிஐ நூலகத்தில் தலைப்போடு ஏறிவிட்டது. கடைசியாக ஒன்று. 'கோயில்' என்று தமிழில் டேக் வைத்து ஏற்றிய 6 படங்களில், அதே சொல்லைத் தேடினால் 4 தான் வருகின்றன. எழுத்து கண்ணுக்கு ஒரே மாதிரிதான் இருக்கிறது.

சங்கராபரணி:

'கோ'வில் இருக்கிற ஓகாரக் குறியை யூனிகோடில் ரெண்டு விதமா எழுதலாம். ஒரே குறியா ஒண்ணு, ஏகாரக் கொம்பும் காலும் தனித்தனியா சேர்த்து இன்னொண்ணு. திரையில் வித்தியாசமே தெரியாது, கம்ப்யூட்டருக்கு ரெண்டும் வேற வேற சொல். ஆளுக்கு ஒரு கீபோர்டில் அடிச்சா இப்படிக் கலந்துபோகும். ஒகரம், ஔகாரத்துக்கும் இதே கதை. புதுச்சேரி, புதுவைன்னு எழுதும்போது இந்தக் குறிகள் வராததால் இதுவரை தப்பிச்சீங்க.

ஏத்தும் முன்னாடியும் தேடும் முன்னாடியும் பைத்தானில் 'யூனிகோட்டேட்டா' மாட்யூலின் 'நார்மலைஸ்' ஃபங்ஷனில் 'என்எஃப்சி' (ஒரே குறியா சேர்த்தெழுதும் வடிவம்) கொடுத்து ஓட்டுங்க. எல்லாம் ஒரே வடிவத்துக்கு வந்துடும். கையொப்பம் கணக்கிடும் முன்னாடியே செய்யணும், பின்னாடி மாத்தினா கையொப்பம் தவறுன்னு வரும். ஏற்கெனவே ஏறிப்போன அந்த 2 படத்துக்கு 'ஃப்ளிக்கர்.போட்டோஸ்.செட்டேக்ஸ்' கூப்பிட்டுத் திருத்துங்க. அது பழைய டேக் எல்லாத்தையும் தூக்கிட்டுப் புதுசைத்தான் வைக்கும், அதனால் முழுப் பட்டியலையும் சேர்த்து அனுப்புங்க.